சென்னை – சிங்கப்பூர்: வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு எவ்வளவு நேரம்?

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 2,920 கிலோமீட்டர். விமானத்தில் நாலேகால் மணி நேரம். இணையத்தில் தேடினால் இந்த இரண்டு எண்களும் உடனே கிடைக்கும், இரண்டும் சரிதான். ஆனால் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அம்மா, சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் வசிக்கும் என்னிடம், "ஜூரோங்ல உன் வீட்டுக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டால், அந்த எண்களை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது.

இந்தத் தடத்தில் பல வருடங்களாகப் போய் வந்துகொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பையன்கள் சிங்கப்பூரில் நிறைய பேர் வேலை பார்க்கிறார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். வயதான அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்கள், கல்யாணத்துக்கு ஓடுகிறவர்கள், துக்கத்துக்கு ஓடுகிறவர்கள் என்று எல்லோருக்கும் கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். அப்படிப் பார்த்ததில் பிடிபட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நாலேகால் மணி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் அது வராது. உயரத்தில் சீராகப் பறக்கும்போது விமானத்தின் வேகம், அதன் ரகத்தைப் பொறுத்து, மணிக்கு 830 முதல் 900 கிலோமீட்டர் வரை இருக்கும். 2,920ஐ அதால் வகுத்தால் மூன்றேகாலிலிருந்து மூன்றரை மணி நேரம்தான். மீதி முக்கால் மணிக்கு மேல் எங்கே போகிறது? கொஞ்சம் ஏறும்போதும் இறங்கும்போதும் போகிறது, அப்போது அந்த வேகம் இருக்காது. அதைவிட அதிகமாகத் தரையில் போகிறது. டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்பாட்டு நேரம் என்பது கதவைச் சாத்திவிட்டு விமானம் தன் இடத்தை விட்டு நகரும் நேரம். வந்துசேரும் நேரம் என்பது அந்தப் பக்கம் கேட்டில் வந்து நிற்கும் நேரம். நடுவில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிறகு கேட் தேடிப் போவது எல்லாம் அந்த நாலேகாலுக்குள் அடக்கம். இது போக, தாமதம் ஆனால் சமாளிக்க என்று விமான நிறுவனங்களே அட்டவணையில் சில நிமிடங்களைச் சேர்த்துத்தான் போடுகின்றன.

அதனால்தான் சென்னையில் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சிங்கப்பூரில் சரியான நேரத்துக்கு இறங்குவதைப் பார்க்கலாம். சாங்கிக்கு யாரையாவது அழைத்துவரப் போகிறவர்கள், ஊரில் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். விமானம் மேலே ஏறிய பிறகு, எதிர்பார்க்கும் இறங்கு நேரம் என்று ஒன்று காட்டுவார்கள். அதைப் பார்த்தால் போதும். அதோடு இன்னொரு முக்கால் மணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இமிகிரேஷன் இப்போது தானியங்கி வாசல்களில் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, வெளிநாட்டவரும் அதில் போகலாம். பெரும்பாலும் பெட்டிக்காகத்தான் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மீனம்பாக்கத்தில் இன்னொரு சங்கதி உண்டு. அங்கே பெரிய ஓடுபாதை கிழக்கு மேற்காகச் சற்றுச் சாய்ந்து கிடக்கிறது, நீளம் 3,658 மீட்டர். விமானம் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் ஏறும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கிழக்கே பார்த்து ஏறினால் நேராகக் கடலுக்கு மேல் போய்விடலாம், சிங்கப்பூர் போகும் திசையும் அதுதான். தென்மேற்குக் காற்று வீசும்போது மேற்கே பார்த்து ஏறி, வளைந்து திரும்பித்தான் கடலுக்கு வர வேண்டும். சில நிமிடங்கள்தான் வித்தியாசம். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு, சிங்கப்பூர் விமானம் ஏன் இந்தப் பக்கம் போகிறது என்று ஒரு பதற்றம் வரும். அம்மா முதல்முறை வந்தபோது இதைத்தான் கேட்டாள்.

இந்த வழியைப் பூகோளத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் மிக அழகாக இருக்கும். சென்னையிலிருந்து வங்காள விரிகுடாவைக் குறுக்காகக் கடந்து, பெரிய நிக்கோபார் தீவை ஒட்டிப் போகிறது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை அங்கேதான் இருக்கிறது. பாதித் தூரம் கழிந்த பிறகும் நம் நாட்டு மண்ணின் பக்கத்தில்தான் பறந்துகொண்டிருக்கிறோம் என்பது எனக்கு இன்றும் வியப்பு. அப்புறம் சுமாத்திராவின் வடமுனை, அதன்பின் மலாக்கா நீரிணை நெடுகப் போய் சிங்கப்பூர். அசல் விமானப் பாதை இந்த நூல்கோட்டிலிருந்து அங்கங்கே கொஞ்சம் விலகும், ஆனால் வெகுதூரம் போகாது. சோழர் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கடாரத்துக்குப் போன கப்பல்களும் இந்த நீரிணையைத்தான் தேடிப் போயின. என் தாத்தா காலத்து "ராஜுலா" கப்பலும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று இதே பக்கமாகத்தான் வந்தது. 1926இல் கட்டிய கப்பல் அது. ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். அதற்குப் பின் வந்த "சிதம்பரம்" கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அந்தக் கப்பல் பயணம் அதோடு முடிந்துபோனது. எங்கள் ஊரில் வயதானவர்கள் இன்றும், "கப்பலுக்குப் போயிட்டான்" என்றுதான் சொல்வார்கள்.

அந்த நூல்கோட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. டிக்கெட் தேடும்போது கோலாலம்பூர் வழியாகப் போகும் டிக்கெட் விலை குறைவாக வரும். சென்னையிலிருந்து கோலாலம்பூர் 2,630 கிலோமீட்டர், அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 300. கூட்டினால் 2,930. நேராகப் போவதற்கும் இதற்கும் பத்துக் கிலோமீட்டர் அளவுக்குத்தான் வித்தியாசம், ஏனென்றால் கோலாலம்பூர் அந்தக் கோட்டிலேயே இருக்கிறது. தூரம் ஒன்றுதான், ஆனால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். கோலாலம்பூர் – சிங்கப்பூர் விமானம் வானத்தில் இருப்பது முக்கால் மணிதான், அட்டவணையிலோ ஒரு மணிக்கு மேல் போட்டிருப்பார்கள். அதற்கு முன்னால் நாலு மணி நேரம் பறந்து வர வேண்டும், இறங்கிக் காத்திருக்க வேண்டும். எல்லாம் நன்றாக நடந்தால் எட்டு மணி நேரம். கொழும்பு வழியாகப் போனால் 500 கிலோமீட்டர் அளவுக்குச் சுற்றும் சேரும்.

இளவட்டங்கள் பணம் மிச்சம் என்று போகலாம், தப்பில்லை. ஆனால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டி போட்டிருந்தால் மலேசியாவுக்குள் முறைப்படி நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். வயதானவர்களை இந்த வழியில் அனுப்பவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் ஒன்றாக இல்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். காற்றுதான் காரணம். லண்டன் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேற்கே போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று, அதனால் லண்டனிலிருந்து சென்னை வரும் நேரம் குறைவு. சென்னை – சிங்கப்பூர் தடத்தில் கோடைக்குப் பிறகு இது தலைகீழாகிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெரும் காற்றோட்டம் ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று அதைச் சொல்லலாம். இதைப் பற்றி 1958இல் விரிவாக எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். தென்மேற்குப் பருவமழையோடு சேர்ந்து உருவாவது இது. இதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் மட்டத்துக்கும் மேலே இருந்தாலும் அதன் கீழ்ப்பகுதி விமானத்தைத் தொடும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்வோம். 850இல் போகும் விமானம் தரைக்கணக்கில் 790இல்தான் நகரும். 2,500 கிலோமீட்டர் சீரான பறப்பில் அது 13 நிமிடக் கூடுதல். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், நேரம் மிச்சமாகும். ஆக, ஆடி ஆவணியில் சிங்கப்பூருக்குப் போவது கொஞ்சம் நீளும், ஊருக்கு வருவது கொஞ்சம் சுருங்கும். இருக்கைத் திரையில் தரைவேகம் காட்டுகிற விமானமாக இருந்தால் நீங்களே பார்க்கலாம், நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் வருவேன். தை மாசியில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

இனி கடிகாரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போடுவார்கள். இரவு 11.15க்குச் சென்னையில் ஏறி காலை 6.00க்குச் சிங்கப்பூர் என்றால் பார்ப்பதற்கு ஆறே முக்கால் மணி. இரண்டரையைக் கழித்தால் நாலேகால். திரும்பும்போது இரவு 8.10க்கு ஏறி 9.50க்குச் சென்னை என்றால் ஒரு மணி நாற்பது நிமிடம் மாதிரித் தெரியும். இரண்டரையைக் கூட்டினால் நாலு மணி பத்து நிமிடம். பழைய ஆட்கள் சிலர் இரண்டு மணி நேர வித்தியாசம் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அவர்கள் சொல்வதும் ஒரு காலத்தில் சரிதான். 1982 பிறக்கும் நேரத்தில் மலேசியா தன் கிழக்கு மேற்குப் பகுதிகளுக்கு ஒரே நேரம் வைத்து, தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் நகர்த்தியது. சிங்கப்பூரும் கூடவே நகர்த்திக்கொண்டது. அந்த அரை மணி அன்றைக்கு வந்ததுதான்.

கடிகாரத்தை விடத் தேதிதான் ஆளைக் கவிழ்க்கும். 15ஆம் தேதி 00.40 மணி விமானம் என்றால் 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், தேதி 15 என்று இருக்கிறதே என்று 15ஆம் தேதி இரவு மாலை மரியாதையோடு கிளம்பி வந்து நின்றார். விமானம் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பணம் சின்னப் பணமில்லை. அதிலிருந்து, நடுராத்திரி டிக்கெட் யாருக்குப் போட்டாலும், "14ஆம் தேதி திங்கள் இரவு வீட்டை விட்டுக் கிளம்பணும்" என்று கிழமையோடு எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனிலும் சொல்கிறேன்.

சென்னையா திருச்சியா என்பதுதான் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய கேள்வி. வரைபடத்தில் திருச்சி – சிங்கப்பூர் 2,980 கிலோமீட்டர், சென்னையை விட 60 கிலோமீட்டர் கூடுதல். வானத்தில் அது நாலு நிமிடம். தரையில் கதை வேறு. எங்கள் கிராமத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சி விமான நிலையம் இரண்டரை மணி நேரம். சென்னை என்றால் காரில் ஏழெட்டு மணி நேரம், பேருந்தில் இன்னும் கூட. மீனம்பாக்கம் வரை மெட்ரோ வருவது 2016இலிருந்து வசதிதான், ஆனால் டெல்டாவிலிருந்து வருகிறவனுக்கு நகரத்துக்குள் நுழைவதே பெரும்பாடு. விமானத்தில் இருக்கும் நேரத்தை விடச் சாலையில் இருக்கும் நேரம் இரண்டு மடங்கு என்றால் அதை எப்படி நாலேகால் மணிப் பயணம் என்று சொல்வது?

கூட்டிப் பார்ப்போம். திருச்சி வழியாக: வீட்டிலிருந்து விமான நிலையம் இரண்டரை, அங்கே மூன்று மணி முன்னதாக இருப்பது, விமானம் நாலேகால், சாங்கியில் வெளியே வர முக்கால், ரயிலில் ஜூரோங் ஒன்றேகால். மொத்தம் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். சென்னை வழியாக அதே கணக்குப் போட்டால் பதினேழு. ஐந்து மணி நேர வித்தியாசம் ஒரு வயதான உடம்புக்கு என்ன செய்யும் என்று அழைத்து வந்தவர்களுக்குத் தெரியும். திருச்சி டிக்கெட் சில ஆயிரம் கூடுதலாக இருந்தாலும், சென்னைக்குப் போகும் கார் வாடகையையும் வழிச் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் பல சமயம் திருச்சியே குறைவாக வரும். 2024இல் திருச்சியில் புது முனையம் திறந்த பிறகு இடநெருக்கடியும் தீர்ந்திருக்கிறது. ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் எல்லாம் அங்கிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கின்றன. நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், அதைப் போடும்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்தத் திருச்சிக் கணக்கு எப்போதும் பொருந்தாது. எனக்கு அது என் அப்பா இறந்த அன்று தெரிந்தது.

மதியம் மூன்று மணி, இந்தியாவில் பன்னிரண்டரை. வேலை இடத்தில் இருந்தேன். சித்தப்பா போன். "அண்ணன் போயிட்டாருப்பா" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவரே, "நீ வர எவ்வளவு நேரமாகும் தம்பி? எப்ப எடுக்கிறதுன்னு வந்தவங்கல்லாம் கேக்குறாங்க. ஐஸ் பெட்டி சொல்லணும், ஊர் ஊருக்குச் சேதி சொல்லணும்" என்றார். பின்னால் யாரோ, "சிங்கப்பூர்தானே, நாலு மணி நேரம், பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவான்" என்று சொல்வது கேட்டது.

"கால் மணி நேரம் குடுங்க சித்தப்பா, கணக்குப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அந்தக் கால் மணி நேரம்தான் அன்றைக்கு நான் செய்த மிக முக்கியமான வேலை. திருச்சிக்கு அன்று இருந்த விமானத்தில் இடம் இல்லை. அடுத்தது மறுநாள், வீட்டுக்கு வரப் பிற்பகல் ஆகிவிடும். சென்னைக்கு இரவு எட்டு மணி வாக்கில் ஒன்றில் இடம் இருந்தது. அது சென்னையில் இறங்கும்போது இந்திய நேரம் பத்து மணிக்குள். பெட்டி எதுவும் போடாமல் கைப்பையோடு வந்தால் பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிடலாம். இரவுச் சாலையில் ஏழரை மணி நேரம். ஆக, காலை ஆறரை. நடுவில் எதுவும் தவறினால் என்று அரை மணி சேர்த்தேன்.

"காலையில ஏழு மணிக்கு வீட்டுல இருப்பேன். எடுக்கிறதைப் பத்தரைக்கு வச்சுக்குங்க சித்தப்பா" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் தெளிவாக ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் ஊரில் மற்றதெல்லாம் தானாக நடக்கும். கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவுக்கும் சென்னையில் இருக்கும் மாமாவுக்கும் நிதானமாக வர நேரம் கிடைத்தது. நான் ஏழு மணிக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தேன். அப்பா பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க முடிந்தது.

நாலு மணி நேரப் பயணம் என்று யாரோ சொன்னதை நம்பி மாலை ஆறு மணிக்கு எடுப்பதாக முடிவு செய்து, ஊரெல்லாம் கூடி, மகன் வரவில்லை என்று இருட்டில் காத்திருந்த துக்கங்களையும் பார்த்திருக்கிறேன். காத்திருக்க முடியாமல் எடுத்துவிட்டு, மகன் வந்து வெறும் பந்தலைப் பார்த்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: துக்கச் செய்தி வந்த நிமிடத்தில் யார் கேட்டாலும் வாய்க்கு வந்த நேரத்தைச் சொல்லிவிடாதீர்கள். டிக்கெட் கையில் வந்த பிறகு, வீட்டு வாசலில் கால் வைக்கும் நேரத்தை இந்திய நேரத்தில் சொல்லுங்கள். எடுக்கும் நேரத்துக்கும் அதற்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். அன்று மதியம் பன்னிரண்டரையிலிருந்து மறுநாள் காலை ஏழு வரை எனக்கு ஆனது பதினெட்டரை மணி நேரம், அதில் வானத்தில் இருந்தது நாலு மணி நேரத்துக்கும் குறைவு.

அந்த மாதிரி நாளில் கை கொடுப்பவை முன்கூட்டியே செய்து வைத்தவைதான். பாஸ்போர்ட் உங்களிடமே இருக்க வேண்டும். சிங்கப்பூரில் முதலாளி தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம், பத்திரமாக இருக்கட்டும் என்று சொன்னாலும் கொடுக்க வேண்டியதில்லை. நிரந்தரவாசிகள் தங்கள் மறுநுழைவு அனுமதி எப்போது முடிகிறது என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் வெளியே போனால் திரும்பி வருவதில் சிக்கல். சென்னையில் ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற, தூங்காமல் ஓட்டுகிற ஒரு டிரைவரின் நம்பர் போனில் இருக்கட்டும். இருக்கை கேட்கும்போது முன்வரிசையாகக் கேளுங்கள், இமிகிரேஷன் வரிசையில் அதுவே இருபது நிமிடம் மிச்சம் பண்ணும். இந்தியக் குடிமக்களுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கும் முன்பதிவு செய்தால் தானியங்கி வாசல் வழியாகப் போகும் வசதி சென்னையில் 2025 ஜனவரியில் வந்திருக்கிறது. அடிக்கடி போய் வருகிறவர்கள் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

விடியற்காலை விமானத்துக்கு சாங்கி போவதையும் கணக்கில் எடுங்கள். முதல் ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் டாக்சிதான். நள்ளிரவு முதல் காலை ஆறு வரை மீட்டர் டாக்சியில் பாதிக் கட்டணம் கூடுதலாக வரும்.

வானிலைக்கு வருவோம். சிங்கப்பூரில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமாத்திராவிலிருந்து கிளம்பி வரும் சூறைமழை ஒன்று உண்டு. இங்கே அதற்கு "சுமாத்திரா" என்றே பேர். இடியும் காற்றுமாக ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். ஊரிலிருந்து இரவு கிளம்பி ஆறு மணி வாக்கில் இறங்கும் விமானம் பல நாட்கள் இதற்குள்தான் வந்து மாட்டும். இறங்க அனுமதி கிடைக்கும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அன்று காலை எட்டு மணிக்கு வேலையில் சேர வேண்டும் என்று திட்டம் போடாதீர்கள். சென்னைப் பக்கம் ஐப்பசி முதல் மார்கழி வரை புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமான நிலையத்தையே மூடினார்கள், அடுத்த வருடம் ஃபெஞ்சல் புயலின்போதும் மூடினார்கள். இன்னொன்று போகி. பழையதைக் கொளுத்தும் புகை மூடுபனியோடு சேர்ந்து ஓடுபாதையே தெரியாமல் போய்விடும். 2018 போகியன்று காலை சென்னைக்கு வந்த பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் போகிக்கு முந்தின நாளே வந்து சேர்வது மாதிரிப் போட்டுக்கொள்ளலாம்.

வயதானவர்களுக்கு இரவு விமானம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தூங்கிக்கொண்டே வரலாம் என்று சொல்வார்கள். நாலேகால் மணியில் ஏறி அமர்ந்து, விளக்கு அணைந்து, சாப்பாடு வந்து போய், இறங்கப்போகிறோம் என்று அறிவிப்பு வருவதற்குள் தூங்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அம்மா அப்படி வந்த அன்று இரண்டு நாள் தலைசுற்றல் என்று படுத்திருந்தாள். பகல் விமானத்தில் வந்தபோது இறங்கியதும் சமையலறைக்குள் போய்விட்டாள். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள், இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் ஊசியையும் சாப்பாட்டையும் எந்த நேரத்துக்கு வைத்துக்கொள்வது என்று கிளம்பும் முன்னால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடலாம். அதோடு, சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்பும் வருகை அட்டை, வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் போடுவது, முழுக்க இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன, ஏமாந்துவிடாதீர்கள்.

அம்மா அடுத்து வருவதற்கு மாசி மாதம் பார்த்திருக்கிறேன். பொங்கல் கூட்டம் போயிருக்கும், புயல் முடிந்திருக்கும், சிங்கப்பூரில் விடிகாலைச் சூறை இன்னும் தொடங்கியிருக்காது. திருச்சியிலிருந்து பகல் விமானம், முன்வரிசைப் பக்கத்தில் நடைவழி ஓர இருக்கை. காலையில் சாப்பிட்டுவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினால், சாலையும் காத்திருப்பும் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஜூரோங். சித்தப்பாதான் திருச்சி வரை கொண்டுவந்து விடுகிறார். கிளம்பும் நேரத்தையும் கிழமையையும் அவருக்கு இப்போதே எழுதி அனுப்பியாகிவிட்டது.